மட்டக்களப்பில் பழைய சிறிய கார் வாங்குவது எப்படி: கடதாசி, கறள், கடைசியில் எஞ்சின்

கார் பார்க்கப் போகிறவர்களில் அநேகம் பேர் போன கையோடு பொனட்டைத் திறக்கச் சொல்வார்கள். எஞ்சின் சத்தம் நன்றாக இருந்தால் மனம் பாதி விழுந்துவிடும். மிச்சப் பாதியை ஏசி விழுத்திவிடும்.

கரையோரத்தில் இந்த ஒழுங்கு பிழை. எஞ்சினைப் பிரித்துச் செய்யலாம், முடியாவிட்டால் வேறு எஞ்சின் தூக்கிப் போடலாம். உப்புக் காற்றில் கறள் தின்ற அடித்தட்டுக்கும் வெள்ளத்தில் நின்ற வயருக்கும் அப்படி ஒரு வழி கிடையாது. அதனால் காசு செலவில்லாத சோதனைகளை முதலில் வைத்து, காசு கொடுத்துச் செய்பவற்றைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம். நடுவில் எந்தப் படியில் கார் தோற்றாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: நல்ல டோர்ச், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், நுனி மழுங்கிய ஸ்குரூடிரைவர், வெள்ளைத் துணி, உடுப்பு அழுக்குப்படாமல் காருக்கடியில் படுக்க ஒரு பழைய சாக்கு. கூடவே காரை வாங்கும் ஆசை இல்லாத ஒருவரும் வரட்டும். வாங்கப் போகிறவரின் கண்ணுக்குப் படாதது அவருக்குப் படும்.

1. காசை முதலில் பிரியுங்கள்

கையில் 100 பங்கு இருந்தால் 80 பங்குக்குள் கார் பாருங்கள். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவற்றுக்கு 5 பங்கு போகும். மீதி 15 பங்கு முதல் ஆறு மாதச் செலவுக்கு. நாலு டயர், பற்றரி, சொக் அப்சோபர், பிரேக் என்று பழைய காரில் ஏதோ ஒன்று கட்டாயம் காத்திருக்கும். முழுக்காசையும் விலைக்கே கொடுத்தவர் முதல் மாதமே கடன்படுகிறார்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அதனால் மலிவுச் சந்தையில் நிற்கும் சிறிய கார்கள் பெரும்பாலும் 2020க்கு முந்திய பதிவுகள். ‘புதுசு மாதிரி’ என்று யார் சொன்னாலும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வயது போயிருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

லீசிங் எடுப்பதாக இருந்தால் கார் தேட முன்பே கம்பனியில் கேளுங்கள். எந்த ஆண்டுக்குக் கீழே கொடுக்க மாட்டார்கள், தங்கள் மதிப்பீட்டில் எத்தனை வீதம் தருவார்கள் என்ற இரண்டு பதில் போதும். அவர்கள் போடும் மதிப்பு விற்பவர் கேட்கும் விலையை விடக் குறைவாகவே இருக்கும். இடைவெளியை நீங்கள்தான் கையால் நிரப்ப வேண்டும்.

2. மாடலைப் பாகம் கிடைப்பதை வைத்துத் தெரிவு செய்யுங்கள்

எந்தக் கார் நல்லது என்று கேட்பதை விட, எந்தக் காரை உங்கள் ஊர் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார் என்று கேட்பது புத்தி. மட்டக்களப்பு, கல்முனைப் பாகக் கடை இரண்டு மூன்றில் பிரேக் பாட், லோவர் ஆர்ம், ரேடியேட்டர் என்ற மூன்றையும் விலை கேளுங்கள். “கொழும்பில இருந்துதான் எடுக்கோணும்” என்று மூன்றுக்கும் பதில் வந்தால் அந்த மாடலை விடுங்கள். கொழும்பின் பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையிலிருந்து பாகம் வந்து சேரும்வரை கார் கராஜில்தான் நிற்கும்.

இந்திய ஆல்டோ 800, மெனுவல் கியர்: இதை விடச் செலவு குறைந்த கார் தேடுவது கஷ்டம். தகரம் மெல்லியது, இருக்கை ஒடுக்கம், ஆனால் பாகம் எங்கும் கிடைக்கும். எஞ்சினில் டைமிங் பெல்ட்; காலக்கணக்கில் மாற்ற வேண்டிய ரப்பர் பெல்ட் அது. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையில் கழியுங்கள். ஆல்டோ கே10 எஞ்சினில் செயின் இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

டொயோட்டா விட்ஸ் 1000 சிசி: உறுதி, ஆனால் அந்தப் பெயருக்கே விலை கூட. அதே காசுக்கு வரும் விட்ஸ் மற்றக் கார்களை விட நாலைந்து வயது கூடியதாக இருக்கும். பெயருக்குக் காசு கொடுக்கிறோமா காருக்கா என்று யோசியுங்கள்.

ஜப்பான் வேகன் ஆர், 660 சிசி: உள்ளே இடம் தாராளம், குடும்பத்துக்கு வசதி. சிக்னலில் எஞ்சின் தானாக நிற்கும் வகைக்கென்றே தனிப் பற்றரி உண்டு; அது சாதாரணப் பற்றரியை விட நல்ல விலை. விலையைக் குறைக்கச் சாதாரணப் பற்றரி போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் எஞ்சின் நிற்கும் வசதி வேலை செய்யாது, பற்றரியும் சீக்கிரம் படுத்துவிடும். பற்றரி மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

நானோ, சீனச் சிறு கார்கள் போன்றவை கண்ணைப் பறிக்கும் மலிவு விலைக்கு வரும். நானோ தயாரிப்பு 2018இல் நின்றுவிட்டது. விற்கப் போகும்போது உங்களுக்கும் அதே விலைதான் கிடைக்கும்.

டொயோட்டா அக்வா போன்ற முழு ஹைபிரிட்டை இந்த வழிகாட்டியில் சேர்க்கவில்லை. பெரிய பற்றரியைத் தனியாகச் சோதிக்காமல் அதை வாங்கக் கூடாது. பின் இருக்கையோரம் காற்று இழுக்கும் துவாரம் தூசியால் அடைத்தால் பற்றரி சூடாகிச் சாகும். எங்கள் புழுதிக்கு அது சாதாரணமாக நடப்பது.

3. போனிலேயே பாதியைக் கழியுங்கள்

கேட்க வேண்டியது: கார் உங்கள் பெயரிலா? பதிவுப் புத்தகம் கையிலா, லீசிங் கம்பனியிலா? தயாரித்த ஆண்டு என்ன, பதிவு செய்த ஆண்டு என்ன? எத்தனையாவது சொந்தக்காரர்? இரவில் எங்கே நிற்கிறது?

ஆண்டை இரண்டாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஜப்பானில் ஓடி வந்த கார் தயாரித்து ஒன்றிரண்டு வருடம் கழித்தே இங்கே பதிவாகும். விற்பவர் பதிவு ஆண்டைச் சொல்வார், சந்தை விலை தயாரித்த ஆண்டுக்குத்தான்.

கடைசிக் கேள்விக்கு வரும் பதில் பெறுமதியானது. கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனைக் கடற்கரைப் பக்கம் கூரையில்லாமல் நின்ற காரும் அம்பாறை நகரில் கராஜுக்குள் நின்ற காரும் ஒரே ஆண்டு என்றாலும் ஒரே கார் அல்ல. வாவிக்குக் கடல் பக்கமான எழுவான்கரைக் காரில் கறளைத் தேடுங்கள். வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரைக் காரில் சேற்றையும் சில்லுப் பக்க ரப்பர் பூஷ் தேய்மானத்தையும் தேடுங்கள்.

போனை வைக்க முன் ஒன்று சொல்லுங்கள்: “நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.” ஏன் என்பது 7ஆம் படியில்.

4. கடதாசி

காரைத் தொட முன் பதிவுச் சான்றிதழை, அதாவது சிஆரை, கையில் வாங்குங்கள். போட்டோப் பிரதி போதாது. அதில் உள்ள சேஸி இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் காரில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சேஸி இலக்கம் பெரும்பாலும் எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும், சில மாடல்களில் முன் இருக்கைக்கடியில் கம்பளத்துக்குக் கீழே. இலக்கத்தைச் சுற்றி வெல்டிங் அடையாளமோ புதுப் பெயிண்டோ இருந்தால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

சிஆரில் ‘முழு உரிமையாளர்’ என்ற இடத்தில் லீசிங் கம்பனிப் பெயர் இருந்தால் காரின் உண்மைச் சொந்தக்காரர் அந்தக் கம்பனிதான். “கடைசி இரண்டு தவணைதான் மிச்சம்” என்பதை நம்பிக் காசை விற்பவர் கையில் கொடுக்காதீர்கள். இருவரும் சேர்ந்து கம்பனிக்குப் போங்கள், மீதிக் கணக்கை எழுத்தில் எடுங்கள், அந்தத் தொகையைக் கம்பனியிலேயே கட்டுங்கள், விடுவிப்புக் கடிதத்தோடு வெளியே வாருங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து இந்த விபரத்தை நீங்களே பார்க்கலாம். பார்த்துவிட்டே போங்கள்.

அடுத்தது ‘ஓபன் பேப்பர்’. முதல் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட படிவங்கள் பெயர் மாறாமலே மூன்று நாலு கை மாறி உங்களிடம் வரும். பதிவில் இருப்பவர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், கையெழுத்து ஒத்துப்போகாமல் போகலாம். அந்தச் சிக்கல் முழுவதும் கடைசியாக வாங்கியவர் தலையில். பதிவில் உள்ளவரே நேரில் வராத காரை, விலை எவ்வளவு இறங்கினாலும் விடுங்கள்.

வருமான அனுமதிப்பத்திரம் எந்த ஆண்டோடு நிற்கிறது என்று பாருங்கள். நிலுவை இருந்தால் தண்டத்தோடு நீங்கள் கட்ட வேண்டி வரும். புகைச் சான்றிதழையும் வாங்கிப் பாருங்கள். அது இல்லாமல் பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

ஜப்பானிலிருந்து வந்த காருக்கு ஏலத் தாள், அதாவது அங்கே ஏலத்தில் விற்றபோது காரின் நிலையைக் குறித்த தாள், இருந்தால் கேளுங்கள். அதிலுள்ள எழுத்துகளின் அர்த்தம்: ஏ கீறல், யூ நெளிவு, டபிள்யூ தட்டிப் பெயிண்ட் அடித்த இடம், எஸ் கறள், இரட்டை எக்ஸ் மாற்றப்பட்ட பாகம். தரம் ஆர் என்றிருந்தால் விபத்தில் பட்டுத் திருத்திய கார். அதிலுள்ள மைலேஜை மீட்டரோடு ஒப்பிடுங்கள். இங்கே இத்தனை வருடம் ஓடிய பிறகும் மீட்டர் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது என்றால் யாரோ சுற்றிவிட்டிருக்கிறார்கள்.

5. கறள்: ஒரு மணித்தியாலம் இங்கேதான்

பகலில் போங்கள். கழுவாத காராக இருந்தால் இன்னும் நல்லது, ஈரமான காரில் பெயிண்டின் குறை எதுவும் தெரியாது.

கதவுகளைத் திறந்து கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டத்தில் தொடங்குங்கள். மேலே பெயிண்ட் பளபளக்கும். கீழ் விளிம்பில் விரலை ஓட்டினால் கொப்புளம் கொப்புளமாகத் தட்டுப்படும். ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகரம் ‘டிங்’ என்று ஒலிக்கும். நெளிவை மறைக்கப் பட்டி நிரப்பிய இடமும் கறள் தின்ற இடமும் பலகையில் தட்டினதுபோல் மொத்தையாகக் கேட்கும். அதே இடத்தில் காந்தம் ஒட்டாமல் வழுகினால் உள்ளே பட்டிதான்.

பிறகு சில்லுகளுக்கு மேலே உள்ள வளைவின் உள்மடிப்பு. மண்ணும் உப்பும் சேர்ந்து இருப்பது அங்கேதான். கையை உள்ளே விட்டுத் தடவுங்கள், உதிர்ந்து வந்தால் வெளியில் ஓட்டை விழ அதிக நாளில்லை.

பொனட்டைத் திறந்து இரண்டு முன் சொக்கின் தலை பூட்டிய இடத்தைப் பாருங்கள். காரின் முன்பாரம் முழுவதும் அந்தத் தகரத்தில்தான் நிற்கிறது. அங்கே வெடிப்போ பொருக்குக் கறளோ இருந்தால் விலை பேச எதுவும் இல்லை, வீட்டுக்குப் போங்கள். டிக்கியில் ஸ்பெயார் டயரைத் தூக்கி அந்தக் குழியையும் பாருங்கள்.

இனிச் சாக்கை விரித்துக் கீழே படுங்கள். பிரேக் எண்ணெய் ஓடும் மெல்லிய இரும்புக் குழாய்களை முன்னிருந்து பின்வரை டோர்ச்சால் தொடருங்கள். மேற்பூச்சில் மட்டும் கறள் என்றால் பரவாயில்லை. குழாய் செதில் செதிலாக வீங்கியிருந்தால் ஒருநாள் பிரேக் மிதிக்கும்போது வெடிக்கும். அடித்தட்டு முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு மினுங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். விற்கப் போகும் காருக்கு யாரும் சும்மா அண்டர்கோட் அடிப்பதில்லை. அதற்கு மேல் அழுத்திப் பாருங்கள், பூச்சுக்குக் கீழே தகரம் நெளிகிறதா என்று தெரியும்.

சைலன்சர் கறள் ஒரு பொருட்டே இல்லை. மாற்றலாம். புதியவர்கள் பயந்து ஓடுவது அதைப் பார்த்து, கவனிக்காமல் விடுவது சொக் தலையை.

6. வெள்ளத்தில் நின்றதா?

2024 நவம்பர் வெள்ளத்தில் அம்பாறைக் கரையோரம் மூழ்கியது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலோடு நாட்டின் பல பக்கத்திலும் வாகனங்கள் தண்ணீருக்குள் நின்றன. எங்கள் ஊரில் மூழ்கிய காரை ஊரே அறியும், அதனால் அது வேறு மாவட்டத்தில் விலைப்படும். அதே கணக்கில் வேறிடத்துக் கார் இங்கே வரும்.

முன் இருக்கை பெல்ட்டை முடிவுவரை இழுத்து வெள்ளைத் துணியால் துடையுங்கள். காரைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி முழத்தைக் கழுவுவதில்லை. அங்கே சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். பெல்ட்டில் தைத்திருக்கும் சிட்டையில் தயாரித்த ஆண்டும் இருந்தால் சிஆரோடு ஒப்பிடுங்கள்.

இருக்கையைத் தாங்கும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் கறள், டாஷ்போர்டுக்குக் கீழே பியூஸ் பெட்டியில் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு, ஹெட்லைட்டுக்குள் காய்ந்த நீர்க்கோடு, பழைய காருக்குப் பொருந்தாத புதுக் கம்பளம். இவற்றில் இரண்டு சேர்ந்தால் வெள்ளக் கார்தான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஐந்து நிமிடம் உள்ளே இருங்கள். வாசனைத் திரவியத்துக்கு அடியில் பூஞ்சணம் மணக்கும்.

7. குளிர்ந்த எஞ்சின்

போனதும் பொனட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் முதல் ஸ்டார்ட்டில் வரும் புகையும் சத்தமும் உங்களுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. வேறு நாள் விடியற்காலையில் வாருங்கள்.

ஸ்டார்ட் பண்ண முன் ரேடியேட்டர் மூடியைத் திறவுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். உள்ளே நிறமான கூலன்ட் இருக்க வேண்டும். தேத்தண்ணி நிறத்தில் கறள் தண்ணீர் இருந்தால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓடியிருக்கிறார்கள். கரையோரக் கிணற்றில் உப்பு உண்டு, அது ரேடியேட்டரையும் வோட்டர் பம்பையும் உள்ளிருந்து தின்னும். ஒயில் மூடிக்கடியில் பால் கலந்த மாதிரிக் களி இருந்தால் தண்ணீரும் ஒயிலும் கலந்திருக்கலாம், அப்படியென்றால் எஞ்சின் தலை கழற்ற வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை ‘ஒன்’ நிலைவரை மட்டும் திருப்புங்கள். எஞ்சின் லைட், எயார்பேக் லைட், ஒயில் லைட் எல்லாம் எரிய வேண்டும். எயார்பேக் லைட் சில விநாடியிலும் மற்றவை ஸ்டார்ட் பண்ணியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம்.

ஸ்டார்ட் பண்ணுங்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெற்றோல் அளவுக்கு மிஞ்சிப் போகிறது. வெள்ளை ஆவி காலையில் சிறிது வரலாம். சூடான பிறகும் நிற்காமல் வந்தால் தண்ணீர் எரிகிறது. ஏசி போட்டதும் எஞ்சின் நடுங்கி நிற்கப் பார்க்கக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ரேடியேட்டர் பேன் தானாகச் சுற்றி நிற்க வேண்டும்.

எஞ்சின் சூடாகும்வரை கூலன்டை மறித்து வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே பரவலான வைத்தியம். சூடேறும் எஞ்சினுக்குக் காரணம் தேடாமல் அதைக் கழற்றிவிட்டால் சூடு இறங்கும், நோய் மறையும். நல்ல வேகத்தில் ஓடியும் சூடு காட்டும் முள் மேலே வராமல் கீழேயே கிடந்தால், அல்லது குளிர்நிலையைக் காட்டும் நீல லைட் வெகுநேரம் அணையாவிட்டால் சந்தேகப்படுங்கள். அப்படி ஓடும் கார் பெற்றோலும் அதிகம் குடிக்கும்.

8. ஓட்டிப் பார்க்கும் பாதை

மட்டக்களப்பு தட்டை நிலம். இங்கே தேய்ந்த கிளச்சும் நல்ல கிளச்சாக ஓடும். மஹியங்கனையால் கண்டிக்கு ஏறும் 18 வளைவில்தான் மணக்கத் தொடங்கும். ஆகவே பாதையை நீங்கள் தெரிவு செய்யுங்கள்.

கல்லடிப் பாலத்து ஏற்றத்தில் வாகனம் இல்லாத நேரம் பார்த்து, நாலாம் கியரில் 40இல் வந்து அக்ஸிலேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் இரைச்சல் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுகுகிறது. ஓட்டோ கியரில் நிறுத்தி வைத்து ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றுங்கள். ஒரு விநாடிக்கு மேல் தாமதித்து இடித்துப் பிடித்தாலோ, 20க்கும் 40க்கும் இடையில் கார் உதறினாலோ விடுங்கள். சிவிடி எனும் பெல்ட்டில் ஓடும் ஓட்டோ கியர்பெட்டியைத் திருத்துகிற செலவு ஆல்டோ விலையில் நல்ல பங்கு.

பிறகு கல்முனை வீதியில் ஆரையம்பதிப் பக்கம் நேராகப் போங்கள். மட்டமான இடத்தில் ஸ்டியரிங்கை லேசாகத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கிறது. மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு கிரவல் பாதையில் மெதுவாக விடுங்கள், ரேடியோவை அணைத்து. ‘டக் டக்’ என்பது லிங்க் ரொட் அல்லது பூஷ், சின்னச் செலவு. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து வட்டமடிக்கும்போது ‘டிக் டிக்’ கேட்டால் டிரைவ் சாஃப்ட் மூட்டு, அதை விடக் கொஞ்சம் பெரிய செலவு. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள், விலை பேச உதவும்.

ஏசியை மத்தியானம் 12 மணிக்குப் பாருங்கள். காலையில் எல்லா ஏசியும் குளிரும். முன்னால் உள்ள கண்டென்சர் உப்புக் காற்றில் அரித்து ஓட்டை விழுவது கரையோரத்தில் வழமை. “காஸ் மட்டும் அடிச்சாச் சரி” என்று சொன்னால், காஸ் எங்கே போனது என்று கேளுங்கள்.

டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆவது வாரம். பூ நன்றாக இருந்தாலும் ஆறு வயது தாண்டிய டயரை மாற்றும் கணக்கில் சேருங்கள்.

9. இப்போதுதான் மெக்கானிக்

இவ்வளவும் தாண்டிய காரை மட்டும் உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். விற்பவர் சொல்லும் கராஜுக்குப் போக வேண்டாம். தரகர் கூட்டிக்கொண்டு வரும் மெக்கானிக்குக்கு யார் காசு கொடுக்கிறார் என்று யோசித்தாலே போதும்.

ஹொயிஸ்ட்டில் ஏற்றி அடிப்பக்கம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேன் பண்ணும்போது பிழைக் குறியீடு இல்லை என்பதோடு நிறுத்தாமல், காரின் சுய சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் கேளுங்கள். எல்லாம் ‘முடியவில்லை’ என்று காட்டினால் அன்று காலையோ முதல் நாளோ குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அல்லது பற்றரியைக் கழற்றியிருக்கிறார்கள். அப்படியானால் சில நாள் ஓடவிட்டு மறுபடி பாருங்கள்.

10. விலை, காசு, பெயர் மாற்றம்

குறித்த குறைகளுக்கு மெக்கானிக் சொன்ன தொகையைக் கூட்டி விலையில் கழியுங்கள். “கொஞ்சம் குறையுங்கோ அண்ணன்” என்பதை விட “நாலு டயர், ஒரு கண்டென்சர், இவ்வளவு” என்பதற்கு மறுபேச்சுக் குறைவு.

அட்வான்ஸ் கொடுத்தால் வாகன இலக்கம், சேஸி இலக்கம், முழு விலை, மீதி கொடுக்கும் திகதி, எந்தக் காரணத்துக்கு அட்வான்ஸ் திரும்பும் என்பதை எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். மீதியை வங்கி வழியே அனுப்புங்கள், பதிவில் உள்ளவரின் கணக்குக்கே.

எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களை உங்கள் முன்னாலேயே நிரப்பிக் கையெழுத்து எடுங்கள். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட வேண்டாம். திகதி இல்லாத படிவம்தான் அடுத்த ஓபன் பேப்பர். விற்பவரின் அடையாள அட்டைப் பிரதியில் கையெழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கை மாறி 14 நாளுக்குள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். கை மாறிய அன்றே இன்சூரன்ஸையும் உங்கள் பெயரில் எடுங்கள். பழைய சொந்தக்காரர் பெயரில் ஓடும்போது விபத்து நடந்தால் கம்பனி கைவிரிக்கும்.

11. முதல் வாரம்

எஞ்சின் ஒயில், ஃபில்டர், எயார் ஃபில்டர் மூன்றையும் மாற்றுங்கள். கூலன்டை முழுதாக இறக்கி, வடித்த தண்ணீரோடு கலந்த புதுக் கூலன்ட் நிரப்புங்கள். பிரேக் எண்ணெயையும் மாற்றுங்கள். ஓட்டோ கியர் என்றால் அந்த மாடலுக்குரிய எண்ணெய் மட்டும். ‘எல்லாத்துக்கும் போடலாம்’ என்று கடையில் தருவதை சிவிடிக்கு ஊற்றினால் கியர்பெட்டி போய்விடும்.

மாற்றிய பில் இல்லாத ஆல்டோ 800 என்றால் டைமிங் பெல்ட்டை இந்த வாரமே மாற்றுங்கள். கடற்கரைப் பக்கம் ஓடிய நாளில் அடித்தட்டையும் சில்லு வளைவுகளையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள், உப்புக் கிணற்றுத் தண்ணீரால் அல்ல.

மாற்றியவற்றின் பில்களை ஒரு கவரில் போட்டு டாஷ்போர்டுக்குள் வையுங்கள். நாளைக்கு இந்தக் காரை வாங்க வருகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.